ஏற்கும் கையும் தொண்டும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில், கல்லடிக்குத் தெற்கே நாவற்குடா அமைந்துள்ளது. சூரியன் எழும் பக்கத்துக் கரையாதலின் இதனை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே வயல்கள் பரந்த பகுதியைப் படுவான்கரை என்றும் இப்பிரதேச மக்கள் வழங்குவர். கடந்த இரு நூற்றாண்டுகளில் தொண்டு செய்யவென்று எழுவான்கரைக்கு வந்தோர் பலர்: மெதடிஸ்த மிஷனரிமார், இயேசு சபைத் துறவியர், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கரையேறி ஊர்களை அழித்த பின்னர் பல நாடுகளிலிருந்தும் திரண்ட தன்னார்வத் தொண்டர்கள். கொடுப்பதற்கென வந்த இவர்கள் யாவரும் தம் முதல் நாட்களில் குடிநீர், உறங்க ஓரிடம், வழிகாட்ட ஒரு துணை என ஒவ்வொன்றையும் பிறரிடம் பெற்றே வாழ வேண்டியிருந்தது. அந்நாட்கள் தொண்டு தொடங்குமுன் கழிக்க வேண்டிய வெறும் காத்திருப்பா, அன்றித் தொண்டிலேயே ஒரு படியா என்னும் வினா, பார்வைக்குச் சிறிதாயினும், தொண்டு என்பது யாது என்னும் பெருவினாவுக்குள் இட்டுச் செல்வதாகும்.

முதலில் உடலைக் கருத வேண்டும். மேற்கே மலைகளைக் கடக்கையில் ஈரத்தை இழந்து வரும் கச்சான் காற்று ஆனி, ஆடி மாதங்களில் இக்கரையை வறட்டும்; ஐப்பசிக்குப் பின் வாடைக் காற்றோடு வரும் மழை, ஆண்டு மழையின் பெரும்பங்கைச் சில மாதங்களிலேயே கொட்டித் தீர்க்கும். குளிர்நாட்டிலிருந்து வருபவரின் உடல் இவ்வெப்பத்துக்கு இசைய ஏறத்தாழ ஒரு வாரம் முதல் இரு வாரங்கள் ஆகும்: குருதியின் நீர்ப்பகுதி முதற் சில நாட்களிலேயே பெருகும், வியர்வை முன்னிலும் விரைவாகச் சுரக்கும், அதில் வெளியேறும் உப்பு படிப்படியாகக் குறையும். இம்மாற்றங்கள் எவையும் மன உறுதியினால் விரைவதில்லை. எவ்வளவு உயர்ந்த நோக்கத்தோடு வந்தவரும் வேர்க்குருவும் நுளம்புக் கடியுமாக, நண்பகலில் நிழல் தேடி ஒதுங்கவே நேரும். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இந்தச் சில நாட்களைக் கடந்து பள்ளிகளைத் தொடங்கிய பின்னரும், ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரல் 1ஆம் திகதி இங்கேயே இறந்தார். அவருடைய மனைவி கடற்பயணத்திலேயே இறந்திருந்தார். அக்காலத்தில் அயல்நிலத்துக்குப் பழகுதல் உயிரைப் பணயம் வைக்கும் செயலாகவே இருந்தது.

பயன் தருவதே தொண்டு என்று கொண்டால், பயனற்ற இந்நாட்கள் நட்டக்கணக்கிலேயே சேரும். இன்றைய தொண்டு நிறுவனங்களின் திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் இந்த அளவுகோலையே கையாள்கின்றன. சமய மரபுகளோ வேறுவகையாக எண்ணின. இயேசு சபையை நிறுவிய இலொயோலா இஞ்ஞாசியார், சபையில் சேரும் புகுநிலைத் துறவியருக்கு விதித்த சோதனைகளுள் ஒன்று, ஒரு மாதம் கையில் பணமின்றி, வீடு வீடாக இரந்து உண்டு யாத்திரை செல்வது. இந்துத் துறவு மரபில் இதற்கு இணையாக மாதுகரி பிட்சை உள்ளது. பல இல்லங்களில் சிறிது சிறிதாக ஏற்று உண்ணும் முறைக்கு இப்பெயர். காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், 1924இல் இராமகிருஷ்ண மடத்தில் சந்நியாசம் பெற்றுச் சுவாமி விபுலாநந்தராகி, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அவர் ஏற்ற துறவும் பிட்சையை வாழ்வுமுறையாகக் கொண்ட அந்நெடிய மரபில் வந்ததே. கொடுப்பதற்கென வாழ்வை ஒப்படைத்தவர் முதலில் ஏற்கப் பழக வேண்டும் என்பதில் இவ்விரு மரபுகளும் தம்முள் கலந்து பேசாமலே உடன்படுகின்றன.

தமிழ் அறமரபு இதனை எளிதில் ஒப்புவதில்லை. திருக்குறளில் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் உண்டு. விருந்தினர் ஒழுக வேண்டிய முறைக்குத் தனி அதிகாரம் இல்லை. இரத்தலைப் பற்றி இரண்டு அதிகாரங்கள் இருப்பினும் அவற்றுள் ஒன்று இரவச்சம், அதாவது இரப்பதற்கு அஞ்சுதல், என்பதாகும். கொடுப்பது உயர்வு, ஏற்பது தாழ்வு என்னும் இவ்வுணர்வு இன்றும் இம்மண்ணில் வலிதாகவே உள்ளது. இருந்தும் பெரிய புராணம் இதனைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. இளையான்குடி மாற நாயனார் வறுமையுற்ற காலத்தில், மழை கொட்டும் இரவில், பகலில் விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரி வந்து அமுது படைத்தது, பசித்த அடியாராக வந்த சிவனுக்கே. அங்கே அருள் செய்பவன் ஏற்பவனாக வந்து நிற்கிறான். இராமகிருஷ்ணர் கூறிய சிவஞானத்தோடு சீவசேவை, அதாவது உயிர்களைச் சிவமெனக் கருதிப் பணிசெய்தல், என்னும் கொள்கையும் துன்புற்றவரிடத்தே, ஏற்கும் பக்கத்தில்தான், தெய்வத்தைக் காண்கிறது. ஆகவே நாவற்குடாவில் வந்திறங்கிய தொண்டருக்கு அயல்வீட்டார் தண்ணீர் மொண்டு கொடுக்கும்போது, கொள்கைப்படி சிவமாகக் கருதப்பட வேண்டியவர் பணிசெய்பவராகிறார். பணிசெய்ய வந்தவரோ அதிதியின் இடத்தில், புராணத்தின்படி சிவனின் இடத்தில், நிற்கிறார். இந்தப் பெருமைக்கு அவர் எவ்வகையிலும் உரியவரல்லர் என்பதே இதிலுள்ள இடர்.

இடர் அத்துடன் முடிவதுமில்லை. அயல்நாட்டவருக்கு நாற்காலி இடப்படுவதிலும் முதற் பந்தி அளிக்கப்படுவதிலும் அன்போடு குடியேற்ற ஆட்சிக் காலத்துப் பழக்கமும் கலந்திருக்கக்கூடும். பேரழிவுக்குப் பின் வந்தவர் உண்ணும் சோறு, எல்லாம் இழந்தவரின் பங்கிலிருந்தே வந்ததாகவும் இருக்கலாம். மாற நாயனாரின் கதையில் விருந்தினர் கடவுள் என்பதால் விதைநெல் வீணாகவில்லை. மனித விருந்தினருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர் பெற்றது கடனாகிறது. தண்ணீருக்கு ஈடாக ஒரு சுவரைக் கட்டி அக்கடனை விரைந்து தீர்க்க முயல்வது, நிகழ்ந்த உறவைக் கணக்குத் தீர்க்கும் வணிகமாகச் சுருக்கிவிடும். கடனோடு நெடுங்காலம் வாழ்வதற்கு வேறொரு பொறுமை வேண்டும். 1948இல் இளைஞராக மட்டக்களப்புக்கு வந்து, தமிழ் கற்று, ஆசிரியராகப் பணியாற்றி, 2019இல் இறந்த அமெரிக்க இயேசு சபைத் துறவி பெஞ்சமின் ஹென்றி மில்லரிடம் அப்பொறுமை காணப்பட்டது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் காணாமற்போனோரின் உறவினர் அவரை நாடி முறையிட்டதற்கு, பல பத்தாண்டுகளாக அவர் இந்த ஊரவரை நம்பி வாழ்ந்தமையும் ஒரு காரணம் எனக் கொள்வதில் தவறில்லை.

மூன்று வாரங்களுக்கு வருபவரின் நிலை வேறு. அவர் உடல் வெப்பத்துக்கு இசையும் வேளையில் திரும்பும் நாளும் நெருங்கிவிடுவதால், அவர் தங்கிய காலத்தின் பெரும்பகுதி ஏற்றுக்கொண்டதாகவே அமையும். இத்தகையோரைத் தொண்டர் என்பதினும் யாத்திரிகர் என்பதே பொருந்தும். அதில் இழிவு ஏதுமில்லை. இஞ்ஞாசியாரின் விதிகளிலும் மருத்துவமனையில் நோயாளரைப் பேண ஒரு மாதமும், இரந்துண்டு யாத்திரை செல்ல மற்றொரு மாதமும் என அவை தனித்தனிச் சோதனைகளாகவே வகுக்கப்பட்டிருந்தன.