சுடாத துப்பாக்கி

முதல் அங்கத்தில் சுவரில் துப்பாக்கி தொங்கினால் நாடகம் முடிவதற்குள் அது வெடித்தாக வேண்டும் என்பது செகாவின் கருத்து. வடிவச் சிக்கனம் பற்றிய விதியாகவே இதை எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இதற்குள் ஓர் அனுமானம் இருக்கிறது: உபயோகத்தில்தான் கருவி அர்த்தம் பெறுகிறது என்பது.

இந்த அனுமானத்தோடு எனக்குத் தகராறு உண்டு. காரணம் ஸ்தூலமானது. திருச்சுழிப் பக்கத்துப் பூர்வீக வீட்டில், தாத்தா வாங்கிய 315 ரைஃபிள் ஒன்று இப்போது என் லைசென்ஸில் இருக்கிறது. இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்தது. ராணுவத்தின் 303 தோட்டா குடிமக்கள் கைக்குப் போகக் கூடாது என்ற வெள்ளையர் காலத் தடையால் நிலைத்த அளவு அது. உருவம் என்னவோ 303-ன் உருவம்தான். தாத்தா அதைக்கொண்டு பன்றி அடித்தார். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு அந்தக் காலம் போயிற்று. நான் அதனால் எதையும் சுட்டதில்லை. ஆனால் மாதம் தவறாமல் போல்ட்டைக் கழற்றி, குழலில் துணி செருகிய கம்பியை ஓட்டி, மெல்லிய எண்ணெய் பூசுகிறேன். எங்கள் வறண்ட காற்று இரும்புக்கு அனுகூலம்தான். கெடுப்பது கை வியர்வையின் உப்பு. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குகிறேன்.

சுடப்போவதில்லை என்றால் துடைப்பது எதற்கு? துருப்பிடித்த துப்பாக்கியை வைத்துக்கொண்டு கொல்லாமை பேசுவது எளிது. 1801-ல் பாளையக்காரர்களை ஒடுக்கியபின் கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் இந்தச் சீமையின் ஆயுதங்களைப் பறித்தது. பறிகொடுத்தவன் கொல்லாமல் இருந்ததை யாரும் அறம் என்று சொல்ல மாட்டார்கள். இயலாமை வேறு, மறுப்பு வேறு. இயலும் என்ற நிலையில்தான் மறுப்புக்குப் பொருள் உண்டு.

இதில் ஒரு ஜம்பமும் கலந்திருக்கிறதோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆர்வெல் 1936-ல் எழுதிய யானைக் கட்டுரையில், மதம் அடங்கி மேய்ந்துகொண்டிருக்கும் யானையைச் சுட வேண்டியதில்லை என்று அந்த அதிகாரிக்குத் தெரியும். பின்னால் நிற்கும் இரண்டாயிரம் பேருடைய எதிர்பார்ப்பு சுட வைக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பவன் சுதந்திரன் என்பது பிரமை.

என் பின்னாலும் எதிர்பார்ப்பு இருக்கிறது. மக்காச்சோளக் காட்டைப் பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போனபின், பக்கத்துக் காட்டுக்காரர் கேட்டார்: "வீட்ல துப்பாக்கிய வச்சுக்கிட்டு நாங்க தகரத்தத் தட்டிக்கிட்டுத் திரியணுமா, தம்பி?" சட்டத்தைச் சொன்னேன். அது உண்மையான பதில், ஆனால் முழுப் பதில் ஆகாது. சட்டம் நாளை அனுமதித்தாலும் சுட மாட்டேன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வங்கியில் பற்று வரவு எழுதிப் பிழைக்கிறவன் நான். பற்று ஒருவர் கணக்கிலும் வரவு இன்னொருவர் கணக்கிலும் விழுந்தால் யார் கொடுத்தது என்று கேட்பது பழக்கம். என் கொல்லாமையில் மனத்திருப்தி எனக்கு வரவாகிறது. பற்று அவருடைய மக்காச்சோளத்தில் விழுகிறது. எனக்குச் செலவு எண்ணெயும் துணியும் மட்டும். அவருடைய நஷ்டத்தில் எனக்கும் ஒரு பங்கு விழும்வரை, இதை அறம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை. பராமரிப்பு என்று சொல்லலாம்.