வாசற்படியில் நிற்பவர்களுக்கு



“நல்ல உடுப்பு இல்லை சுவாமி, அதனால் பூசைக்கு வரவில்லை” என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேறு சிலர் வருகிறார்கள். ஆனால் வாசற்படியோடு நின்றுவிடுகிறார்கள்.

பீடத்தில் குருவானவர் போர்த்தியிருக்கும் மேலங்கியைப் பாருங்கள். அது ஆதியில் ராஜ உடையன்று. பழைய உரோமாபுரியில் மழைக்கும் குளிருக்கும் வழிப்போக்கர் போர்த்திக்கொண்ட சாதாரண அங்கி. காலப்போக்கில் ஊராரின் நடையுடை மாறிற்று; குருக்கள் பழையதை விடவில்லை. பட்டும் சரிகையும் பின்னால் வந்து ஏறியவை.

நம் நாட்டுக் கதையையும் கேளுங்கள். தத்துவபோதக சுவாமி 1606-ம் வருஷம் மதுரைக்கு வந்தார். பறங்கி என்று மேற்குலத்தார் அண்டாததைக் கண்டு, காவியும் பாதக்குறடும் தரித்தார். அவருடைய முறைகளைப் பற்றிப் பெரிய விவாதம் எழும்பிற்று. பூணூல், குடுமி, சந்தனம் முதலிய வழக்கங்களுக்குப் பாப்பானவர் 15-ம் கிரகோரியார் 1623-ல் அனுமதி தந்தார். ஆனால் அந்தக் காவி ஒரு கதவைத் திறந்து மறு கதவை அடைத்தது. பிராமண சந்நியாசியின் கோலத்தில் இருப்பவர் தாழ்த்தப்பட்டவர்களின் குடிசைக்குப் பகிரங்கமாய்ப் போகக் கூடாதே! ஆகையால் 1640 முதல் வேறு சில சேசுசபைக் குருக்கள் பண்டாரசுவாமிகளின் கோலம் பூண்டார்கள். பண்டாரத்துக்குப் பல சாதியாரோடும் பழக வழியுண்டு. நமக்கு அண்டையிலுள்ள செஞ்சிச் சீமையில் உழைத்து, 1693-ல் ஓரியூரில் தலை கொடுத்த அர்ச். அருளானந்தரும் பண்டாரசுவாமியாகவே நடந்தார்.

தோள்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேர்வை துடைக்க ஏற்பட்ட துணி அது. நம் பாட்டன்மார் காலத்திலோ, கூலிக்காரன் மிராசுதாரைக் கண்டதும் அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்க வேண்டும். துணி ஒன்றுதான்; தோளில் இருந்தால் ஒரு அர்த்தம், கக்கத்தில் இருந்தால் வேறு அர்த்தம். அந்தப் பயம் இன்னும் முழுதும் போகவில்லை என்பதற்கு நம் கோவில் வாசற்படியே சாட்சி.

பொன்மோதிரக்காரனை உட்காரவைத்து, கந்தைக்காரனை ஓரமாய் நிறுத்துகிற சபையை அர்ச். யாகப்பர் தம் நிருபத்தின் 2-ம் அதிகாரத்தில் கடுமையாய்க் கண்டிக்கிறார். “கலியாண வஸ்திரம் இல்லாதவன் வெளியே தள்ளப்பட்டானே” என்று சிலர் எதிர்வாதம் பண்ணலாம். அந்த வஸ்திரம் தறியில் நெய்ததல்ல. தேவ இஷ்டப்பிரசாதத்தையே அது குறிக்கிறதென்று வேதசாஸ்திரிகள் விளக்குகிறார்கள். சுத்தமாய் வருவது மரியாதைதான். அதற்குத் தோய்த்து உலர்த்திய பழைய வேட்டி போதும், பழைய சேலை போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளியே நிற்கிறவர்கள் உள்ளே வாருங்கள். உள்ளே இருக்கிறவர்களே, சற்று நகர்ந்து இடம் கொடுங்கள்.