கொரிந்துச் சபையின் பந்தி

ஒரு திருச்சபை தன் பரிசுத்தத்தை எவ்வாறு காத்துக்கொள்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம் யாரை விலக்குவது என்ற பேச்சே முந்திக்கொள்கிறது; ஆனால் கி.பி. 55ஐ ஒட்டி எபேசுவிலிருந்து பவுல் கொரிந்துச் சபைக்கு எழுதிய நிருபம், பந்தியில் யார் பசியோடிருக்கிறார் என்பதையும் பரிசுத்தத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறது.

ரோமரால் கி.மு. 146இல் அழிக்கப்பட்டு, கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரால் மீண்டும் குடியேற்றப்பட்ட கொரிந்துவில், தனிக் கோயில் இல்லாத விசுவாசிகள் வசதியுள்ளவர் வீட்டில் கூடி, இயேசுவின் கடைசி இரவுணவை நினைவுகூரும் திருவிருந்தைப் பொது உணவோடு சேர்த்தே ஆசரித்தனர். அக்கால விருந்தறையில் ஏறத்தாழ ஒன்பது பேரே சாய்ந்து உண்ண முடியும் என்பதால், எளியவர்கள் முற்றத்தில் அமர்ந்திருக்கலாம் என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். சிலர் தங்கள் உணவை முந்தி உண்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசித்து வெட்கப்பட்டு நின்றார்கள் என்று கேள்விப்பட்ட பவுல், அது ஆண்டவருடைய பந்தியே அன்று என மறுத்துவிடுகிறார்.

இதனால் அன்பு என்பது எதையும் கண்டுகொள்ளாதிருப்பது என்றாகிவிடாது. தகப்பன் மனைவியோடு வாழ்ந்தவனைச் சபையைவிட்டு நீக்கச் சொன்னதும் இதே நிருபம்தான். தண்டிக்கப்பட்ட ஒருவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி அவனை மன்னித்துத் தேற்றச் சொன்னது இரண்டாம் நிருபம். இருவரும் ஒருவரேயா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. எனினும் சபை ஒழுங்கு, அதாவது தவறியவரைத் திருத்தும் நடைமுறை, திரும்பி வரும் வழியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. இன்று திருமணங்களில் வாசிக்கப்படும் அன்பின் அதிகாரமும், ஆவியின் வரங்களைக் காட்டிப் பெருமை பாராட்டிய இந்தச் சபைக்கே எழுதப்பட்டது.

தனிமனித ஒழுக்கக் கேட்டைக் கண்டு பதறும் சபைகள், பந்தியின் ஏற்றத்தாழ்வை வழக்கம் என்று பொறுத்துக்கொள்வதே வேதனையானது. தென்னிந்திய ஆங்கிலிக்கச் சபைகளில் இருக்கையிலும் திருவிருந்து பெறும் வரிசையிலும் நிலவிய சாதி வேறுபாட்டை உடனே கைவிடும்படி பேராயர் டேனியல் வில்சன் 1833இல் ஆணையிட்டபோது, பலர் வேறுபாட்டை விடாமல் சபையை விட்டார்கள். அதற்கு முன்பே, 1829இல், சாதி வழக்கங்களுக்காக வாதாடி எழுதியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளைத் தமிழ்ச் சபைகள் இன்றும் உருகிப் பாடுகின்றன; அந்தப் பக்தியும் பொய்யன்று.