நூலைப் பிடி, நிமிர்ந்து நில்!

பத்திரம் உன் பெயரில். பட்டா உன் பெயரில். வங்கிக் கடனுக்கு மாதாமாதம் தவணை கட்டப்போவதும் நீதான். பிறகு ஏன் தம்பி, மேஸ்திரி நூல் கட்டுகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் வந்து இருமினால் உனக்குக் கை நடுங்குகிறது? "இது எங்க தாத்தா காலத்து எல்லைப்பா" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். உடனே நீ மேஸ்திரியின் காதோரம் போய், "அரையடி உள்ளே தள்ளியே போட்டுருங்கண்ணே, எதுக்கு வம்பு" என்கிறாய். 40 அடி நீளத்துக்கு அரையடி என்றால் 20 சதுர அடி. ஒரு சின்னக் கழிவறைக்கான இடத்தை ஓர் இருமலுக்குக் கொடுத்துவிட்டாய்! மனசாரக் கொடுத்திருந்தால் உன்னைக் கும்பிடுவேன். நீ பயந்துபோய் அல்லவா கொடுத்தாய்?

இன்னொரு ரகம் உண்டு. பக்கத்து மனை காலியாகக் கிடக்கிறது, சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார் என்று தெரிந்ததும் சுவரை ஒரு முழம் அந்தப் பக்கம் தள்ளிக் கட்டுகிறவன். எல்லைக்கல்லை ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கி நடுகிறவன். ஊர் அவனைத் 'தில்லான ஆளு' என்கிறது. தில் இருந்தால் பட்டப்பகலில் பிடுங்கியிருக்க மாட்டானா? அரசு நட்ட கல்லை நகர்த்தினால் சிறைக்குப் போக நேரலாம் என்று அவனுக்கும் தெரியும். அதனால்தான் இருட்டைத் தேடுகிறான். ஒடுங்கிப் போகிற உனக்கும் திருடி விரிகிற அவனுக்கும் ஒரே நோய்தான். தன் அளவில் நிற்கும் தைரியம் இருவருக்குமே இல்லை.

அளந்து பார், அந்தத் தைரியம் தானாக வரும். 1802-ல் வில்லியம் லாம்டன் தொடங்கிய நில அளவை பிற்பாடு இமயம் வரைக்கும் போனது. அதன் முதல் அடிக்கோடு எங்கே போடப்பட்டது தெரியுமா? நம் பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான். ஏழரை மைல் நீளக் கோடு. வெயிலில் அளக்கும் சங்கிலி நீளுமே என்று தெர்மாமீட்டர் வைத்து, அந்த நீட்சியையும் கணக்கில் சேர்த்து அளந்தார்கள். அப்படிப்பட்ட அளவை தொடங்கிய மண்ணில் நின்றுகொண்டு, 30 அடி அகல மனையை அளக்க உனக்குத் தயக்கமா?

உன் நிலத்துக்கும் வரைபடம் இருக்கிறது. புல வரைபடம், பேச்சுவழக்கில் எஃப்.எம்.பி. சர்வே எண்ணும் உட்பிரிவும் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் நீளம் குறித்திருக்கும். பழைய படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். ஒரு லிங்க் 7.92 அங்குலம், நூறு லிங்க் சேர்ந்தால் 66 அடிச் சங்கிலி. புதியவற்றில் மீட்டர். லிங்க்ஸை அடி என்று படித்துவிட்டுச் சண்டைக்குக் கிளம்பாதே, சிரிப்பார்கள். கட்டணம் கட்டி நில அளவைக்கு மனுக் கொடு. தாலுகா அலுவலகப் படியேறி நிற்கத் தேவையில்லை, இணையத்திலேயே கொடுக்கலாம். பக்கத்து நிலத்துக்காரருக்கும் அறிவிப்புப் போகும். அது போய்ச் சேருமுன் நீயே அவர் வீட்டுக்குப் போ. "அண்ணே, சர்வேயர் வர்றாரு. நீங்களும் கூட வந்து நில்லுங்க. கல் எங்கே விழுதோ, அதை ரெண்டு பேரும் ஏத்துக்குவோம்." இந்த நாலு வரியைக் குரல் உயர்த்தாமல், கண்ணைத் தாழ்த்தாமல் சொல்லிப் பார். பாதி வழக்குகள் இந்த நாலு வரியைச் சொல்ல ஆளில்லாமல்தான் கோர்ட்டுக்குப் போகின்றன என்பது என் கணிப்பு.

சரி, கல் நட்டாயிற்று. இனி எல்லையை ஒட்டியே சுவரை எழுப்பிவிடலாமா? நிறுத்து. உன் நிலம் என்பதற்காகக் கடைசி அங்குலம்வரை கட்டித்தான் காட்டவேண்டும் என்பதும் ஒரு பயம்தான். விட்டால் போய்விடுமோ என்ற பயம். 9 அங்குலச் சுவருக்குக் கீழே அஸ்திவாரம் 9 அங்குலத்தோடு நிற்காது. இரண்டடி, மூன்றடி என்று விரியும். எல்லைக்கோட்டிலேயே சுவரை நிறுத்தினால் அஸ்திவாரம் பக்கத்து மண்ணுக்குள் கால் நீட்டும். நீட்டவிடாமல் ஒரே பக்கமாக ஒதுக்கினால், பொறியாளர் அதற்கென்று கணக்குப் போட்டு வடிவமைக்க வேண்டும். மேஸ்திரியின் குத்துமதிப்பு போதாது. பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டி, ஐப்பசி மழையில் அது சரிந்தால் பழி உன் தலையில்.

தமிழ்நாட்டில் எந்தப் புறநகருக்கு வேண்டுமானாலும் போய்ப் பார். வீட்டின் முகப்பில் பளபளக்கும் டைல்ஸ். பக்கவாட்டில் பூசாத செங்கல், பாசி, உள்ளே படுக்கையறைச் சுவரெல்லாம் ஓதம். என்ன காரணம்? சாரம் கட்ட இடம் விடவில்லை. "ரெண்டு நாள் உங்க இடத்துல சாரம் போட்டுக்கறேன்" என்று பக்கத்து வீட்டில் கேட்க முகமும் இல்லை. ஒரு முழம் லாபம் பார்த்தவன் வாழ்நாளெல்லாம் பெயிண்டுக்காரனுக்குக் கப்பம் கட்டுகிறான்! சன்ஷேடை நீட்டிப் பக்கத்து வீட்டு முற்றத்தில் தண்ணீர் சொட்டவிட்டால், ஒவ்வொரு மழைக்கும் ஒரு சண்டை கூடுதல்.

தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள், மனையின் அகலமும் கட்டடத்தின் உயரமும் பார்த்துப் பக்க இடைவெளி கேட்கின்றன. சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீதிகளுக்கு விதி வேறு. உன் வீதி எதில் வருகிறது என்று விசாரித்துக்கொள். அந்த இடைவெளி உன் ஜன்னல் திறக்கும் இடம், பிளம்பர் நுழையும் வழி. அதைவிட முக்கியமாக ஒன்று: 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும், தரைத்தளத்தோடு ஒரே மாடியும், 7 மீட்டருக்குள் உயரமும் என்றால், உன் சுயசான்றின் பேரிலேயே தமிழ்நாட்டில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அரசாங்கமே உன் கையெழுத்தை நம்புகிறது! அந்தக் கையெழுத்துக்குக் கீழே பொய் அளவு இருக்கலாமா?

பக்கத்து வீட்டுக்காரர் உன் எல்லைக்குள் வந்தால் என்ன செய்வாய்? பேசு. வானம் தோண்டும்போதே பேசு. மனசுக்குள் புழுங்கிக்கொண்டே கான்கிரீட் போடும்வரை வேடிக்கை பார்க்காதே. நிலத்தை மீட்க வழக்குப் போட 1963-ன் காலவரையறைச் சட்டம் தருவது 12 ஆண்டு. 1882-ன் ஈஸ்மெண்ட் சட்டப்படி, 20 ஆண்டு தடையில்லாமல் ஒரு கட்டடம் அனுபவித்த காற்றும் வெளிச்சமும் அந்தக் கட்டடத்துக்கு உரிமையாகிவிடும். தடையுத்தரவு கேட்டுப் போனால், நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரைச் சர்வேயரோடு அனுப்பி அளக்கச் சொல்லலாம். ஆனால் கூரை ஏறிய பிறகு போனால், "இத்தனை நாள் ஏன் வாய் திறக்கவில்லை?" என்ற கேள்விக்கு நீ பதில் வைத்திருக்க வேண்டும்.

தங்கையே, உன்னிடமும்தான் சொல்கிறேன். கணவர் வளைகுடாவில் இருக்க, சிமெண்ட் மூட்டை எண்ணி, சென்டரிங் பலகை பார்த்துத் தனியாளாக வீடு கட்டுகிறாய். "ஆம்பளைய வரச்சொல்லு, பேசிக்கலாம்" என்று ஒரு குரல் வரும். "பட்டாவுல என் பேருதான் மாமா இருக்கு, என்கிட்டயே பேசுங்க" என்று சொல். மரியாதை குறையவேண்டாம், குரலும் குறையவேண்டாம்.

மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்குமுன் புல வரைபடத்தை எடு. இந்த வாரமே அளவைக்கு மனுப் போடு. கல் விழுகிற நாளில் பக்கத்து வீட்டாரையும் அழைத்து, நூலின் ஒரு முனையை அவர் கையிலேயே கொடு!