நாவில் ஏற்றும் முதற் சரக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஜும்ஆவின் அழைப்புக் கேட்டதும் கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டு வருமாறு நமக்குக் கட்டளையிட்ட அவனே, தொழுகை முடிந்தபின் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடுமாறும் பணித்திருக்கிறான். ஆகவே பொருள் தேடுவது நம் மார்க்கத்தில் இழிவான காரியமன்று. எவ்வாறு தேடுகிறோம் என்பதுதான் நாளை மஹ்ஷரில் நம்மிடம் கேட்கப்படும்.

இன்று நம் பிள்ளைகள் பலர், கடை அடைத்தபின் இரவு நேரத்தில் கைப்பேசியை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு புதிய வியாபாரம் செய்கிறார்கள். ஒரு பொருளைக் காட்டிப் பேசுகிறார்கள். அதன் கீழே தமக்கென்று கொடுக்கப்பட்ட ஓர் இணைப்பைப் போடுகிறார்கள். பார்ப்பவர் அந்த இணைப்பைத் தொட்டுப் பொருளை வாங்கினால், பேசியவருக்குக் கமிஷன் வருகிறது. சரக்கு இவருடையதன்று, கிடங்கும் இவருக்கில்லை, பொருளை அனுப்புகிறவரும் இவரல்லர். இதற்கு அஃபிலியேட் என்று பெயர். அமெரிக்காவில் அமேசான் கம்பெனி 1996-ஆம் ஆண்டிலேயே இம்முறையைத் தொடங்கிவிட்டது. இப்போது ஷாப்பி, லஸாடா, டிக்டாக் ஷாப் வழியாக நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது.

இதைக் கண்டு நம் பெரியவர்களில் சிலர், முதலும் இல்லாமல் சரக்கும் இல்லாமல் இதென்ன வியாபாரம் என்று முகம் சுளிக்கிறார்கள். இளைஞர்களோ, நாம் இணைப்பைத்தானே போடுகிறோம், வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம், இதில் நமக்கென்ன பொறுப்பு என்கிறார்கள். இவ்விரு கூற்றையும் மார்க்கத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்போம்.

பெரியவர்களுக்கு முதலில் கூறுவோம். இது புதிய தொழிலன்று. நாம் நெடுங்காலமாக அறிந்த தரகுதான். பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவின் சந்தையிலும் தரகர்கள் இருந்தார்கள். ஸமாஸிரா என்று அழைக்கப்பட்ட அவர்களைப் பெருமானார் அதனினும் மேலான பெயரால், வியாபாரிகளே என்று அழைத்துக் கௌரவித்தார்கள் என்று ஹதீது உண்டு. கொடுக்கல் வாங்கலில் வீண் பேச்சும் சத்தியமும் வந்து கலந்துவிடுகின்றன, ஆகையால் அதனோடு தர்மத்தையும் கலந்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் அப்போதே எச்சரிக்கவும் செய்தார்கள். தரகனின் கூலியில் குற்றம் இல்லை என்று இப்னு ஸீரீன், அதாஃ போன்ற முன்னோர்கள் கருதியதை இமாம் புகாரி அவர்கள் தம் நூலில் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நபி யூஸுப் (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன அரச பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்பட்டதல்லவா? காரியம் முடிந்தால் கூலி என்னும் இத்தகைய ஏற்பாட்டை ஃபிக்ஹு நூல்கள் ஜுஆலா என்று குறிப்பிடுகின்றன. எனவே தரகுத் தொழிலைக் குறை கூற வேண்டாம்.

இளைஞர்களுக்கு இனிக் கூறுவோம். இணைப்பைத்தானே போடுகிறோம் என்கிறீர்கள். தம்பிமார்களே, அந்த இணைப்பை மக்கள் ஏன் தொடுகிறார்கள்? அதே பொருள் கம்பெனியின் பக்கத்திலும் இருக்கிறது. அங்கே போகாமல் உங்களிடம் வருவது, உங்கள் முகத்தை அவர்கள் அறிவார்கள் என்பதனால். இன்னார் மகன், இன்ன கடைக்காரர், ஐவேளை பள்ளிக்கு வருகிறவர் என்பதனால். ஆகவே நீங்கள் விற்பது பொருளையன்று, உங்கள் சாட்சியத்தை. பொருள் கம்பெனியுடையது, சாட்சியம் உங்களுடையது. நமக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் திருமறை எச்சரிப்பதை அறிவோம். நாவு மட்டும் விசாரணைக்குத் தப்புமா?

நம் முன்னோர்கள் இந்நாடுகளில் எதை நம்பிக் கடை விரித்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். பினாங்கில் 1801-ஆம் ஆண்டில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலையும், சிங்கப்பூரில் 1826-ஆம் ஆண்டில் சூலியா பள்ளிவாசலையும் தோற்றுவித்தவர்கள், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்களே. மலாய் சகோதரர்கள் இன்றும் உடுத்தும் கைலிக்குக் காயின் பெலிக்காட் என்று பெயர். பெலிக்காட் என்பது நம் பழவேற்காடுதான். துணி ஓர் ஊரின் பெயரால் அறியப்பட்டு, அந்தப் பெயரே தலைமுறை தலைமுறையாக நின்றுவிட்டது. இணைப்பின் கீழே நாம் போடும் பெயரும் அவ்வாறே நிற்கும். நற்பெயராக நிற்குமா, கெட்ட பெயராக நிற்குமா என்பதைத் தீர்மானிப்பதில் முதற் சரக்குக்குப் பெரும் பங்குண்டு. ஏனெனில் அதைக் கொண்டுதான் மக்கள் நம்மை முதலில் எடை போடுகிறார்கள்.

அந்த முதற் சரக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது? கமிஷன் பட்டியலைத் திறந்து, மேலே இருப்பது எது என்று பார்ப்பதே இன்றைய வழக்கம். அந்தப் பட்டியலைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன்னால் ஐந்து கேள்விகளை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.

முதலாவது: இப்பொருளைப் பற்றி நமக்கு உண்மையில் என்ன தெரியும்? ஜவுளிக்காரருக்கு நூலின் தரமும் சாயத்தின் உறுதியும் தெரியும். அவர் கைலியைப் பற்றியோ இஸ்திரிப் பெட்டியைப் பற்றியோ பேசட்டும். உணவுக்கடைக்காரருக்கு எந்தச் சட்டி அடிபிடிக்கும், எந்த அரைவை இயந்திரம் ஆறு மாதத்தில் கெடும் என்று தெரியும். அவர் அதைப் பேசட்டும். உம்ரா சென்று வந்தவர் இஹ்ராம் இடைவாரைப் பற்றிப் பேசினால் கேட்பவருக்குப் பயன் உண்டு. தொழில் கற்றுத் தந்த அறிவே முதற் சரக்குக்கு நல்ல முதல்.

இரண்டாவது: நாமே பயன்படுத்திப் பார்த்தோமா? சொந்தக் காசு கொடுத்து வாங்கி, ஒரு மாதமாவது வீட்டில் புழங்கவிட்டுப் பிறகு வாய் திறப்பது உத்தமம். கம்பெனி இலவசமாக அனுப்பிய மாதிரி என்றால், இலவசமாக வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது: ஆகுமானதா, முறையாகப் பதிவு பெற்றதா? உணவுப்பொருள் என்றால் மலேசியாவில் ஜாக்கிம், சிங்கப்பூரில் முயிஸ் ஆகியவற்றின் ஹலால் சான்றிதழை நேரில் சரிபார்க்க வேண்டும். உறையில் உள்ள முத்திரையின் படம் மட்டும் போதாது. மலேசியாவில் மருந்து, சத்து மாத்திரை ஆகியவற்றுக்கு எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும், அழகுச் சாதனங்களுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணும் உண்டு. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.-வின் பக்கத்தில் அவற்றைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் பிடிக்காது.

நான்காவது: விற்கிறவர் யார்? பொருள் உடைந்து வந்தால் மாற்றித் தருவாரா? திருப்பி எடுப்பாரா? பொருள் திரும்பிப் போனால் நம் கமிஷனும் போய்விடும் என்பது ஒருபுறம். ஏமாந்தவர் கம்பெனியைத் தேட மாட்டார், நம் கடை வாசலுக்கே வருவார் என்பது மறுபுறம்.

ஐந்தாவது: இதை நம் தாயாருக்கு வாங்கிக் கொடுப்போமா? ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாகப் பெருமானாரிடம் வாக்குறுதி அளித்தார்கள் என்று ஹதீது நூல்களில் காண்கிறோம். அந்த வாக்குறுதியின் உரைகல்லாக இக்கேள்வியை வைத்துக்கொள்வோம்.

இவ்வைந்திலும் தேறிய பொருள் இரண்டோ மூன்றோ இருந்தால், அப்போது கமிஷனைப் பார்த்து எது அதிகம் என்று தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். அதில் குற்றம் ஏதுமில்லை.

ஆனால், சகோதரர்களே, சோதனை எங்கே வருகிறது என்பதை மறைக்காமல் பேசுவோம். உதாரணமாக, ஐம்பது வெள்ளி மெலிவு மாத்திரைக்கு நூற்றுக்கு இருபது கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். விற்றால் பத்து வெள்ளி. அறுபது வெள்ளிச் சட்டிக்கு நூற்றுக்கு ஆறு. விற்றால் மூன்று வெள்ளி அறுபது காசு. கணக்கில் பத்துதான் பெரிது. மாத்திரை வேகமாகவும் ஓடும். உண்மை பேசினால் உடனே லாபம் கொழிக்கும் என்று நாம் பொய்யாக ஆசை காட்ட மாட்டோம். முதல் மாதத்தில் சட்டிக்காரர் தோற்றதாகவே தோன்றும்.

இப்போது அந்த மாத்திரையின் மறுபக்கத்தைப் பாருங்கள். சிபுட்ரமின் என்னும் மருந்து இருதயத்துக்கு ஆபத்து என்பதனால் சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டில் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குப் பின்னரும் இணையத்தில் விற்கும் மெலிவு மாத்திரைகளில் அது இரகசியமாகக் கலந்திருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. இனிப்புநீர் வியாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் அந்நோயுடையவர். அப்படியானால் நம் பேச்சைப் பார்க்கும் அறுபது பெரியவர்களில் பத்துப் பேர் நோயாளிகளாக இருக்கக்கூடும். இந்தப் பொடியைக் குடித்தால் இனிப்புநீர் போய்விடும் என்று நாம் ஒரு வார்த்தை சொல்ல, நம்மை நம்பிய ஒரு மூதாட்டி டாக்டர் தந்த மருந்தை நிறுத்திவிட்டால், அந்தப் பத்து வெள்ளியை எந்தக் கையால் வாங்குவது?

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம், இனிப்புநீர், புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய் உட்பட இருபது வகை நோய்களுக்குப் பொதுமக்களிடம் மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கு கொள்பவரையும் அச்சட்டம் பிடிக்கும். இணைப்பைத்தானே போட்டேன் என்னும் பதில் இங்கேயும் செல்லாது, அங்கேயும் செல்லாது.

பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருநாள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் தட்டியது. மழையில் நனைந்தது என்றார் விற்பவர். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று உரைத்தார்கள். இன்று அழகான வெளிச்சத்தில் எடுக்கும் படம் குவியலின் மேற்பகுதி. ஈரம் உள்ளே இருந்தால் அதையும் காட்ட வேண்டும். இந்தக் கைலி முதல் சலவையில் சற்றுச் சுருங்கும் என்று நாமே சொல்லிவிடுவோம். அதைக் கேட்டு இருவர் வாங்காமல் போகலாம். வாங்கிய பத்துப் பேர் அடுத்த முறையும் நம்மிடமே வருவார்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத்து உண்டென்றும், மறைத்தால் அது அழிந்துவிடுமென்றும் நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது.

இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வியாபாரி. குறையுள்ள ஓர் ஆடையைக் கூட்டாளியிடம் அனுப்பி, குறையைச் சொல்லி விற்குமாறு கூறினார்கள். கூட்டாளி மறந்து விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தச் சரக்கின் விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்கள் என்று வரலாறு கூறுகிறது. தம் வாயால் சொல்லாத பொய்க்கே அவ்வளவு அஞ்சினார்கள். நாமோ நம் வாயாலேயே பேசி விற்கிறோம்.

இன்னும் சில விஷயங்களில் எச்சரிக்கையாக இருப்போம். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்கும் நஜ்ஷு என்னும் தந்திரம் நம் மார்க்கத்தில் தடுக்கப்பட்டது. நண்பர்களைக் கொண்டு பொய்ப் பாராட்டு எழுதச் செய்வதும், இரண்டே உருப்படிதான் மிச்சம் என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதன் தம்பிமார்களே. வல்லாஹி என்று சத்தியம் செய்து விற்பது சரக்கை ஓட்டும், பரக்கத்தையும் ஓட்டிவிடும். கமிஷன் வாங்குவதை மறைக்க வேண்டாம். இதை நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு என்று ஒரு வரி சொல்லிவிட்டால், கேட்பவர் தம் புத்தியைக் கொண்டு முடிவு செய்துகொள்வார்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளை இத்தொழிலிலிருந்து விரட்டாதீர்கள். நாற்பது வருஷம் துணியைத் தடவிப் பார்த்துப் பழகிய விரல்கள் உங்களுடையவை, கைப்பேசி அவர்களுடையது. முதற் சரக்கை அவர்கள் தேர்ந்தெடுக்கும் இரவில் பக்கத்தில் அமர்ந்து, இது நல்லது, இது வேண்டாம் என்று கூறுங்கள். நம் கடைகளின் அறிவு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர இதுவும் ஒரு வழி.

பெருமானார் (ஸல்) அவர்கள் நபிப் பட்டம் பெறுமுன் கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கைக் கொண்டு ஷாம் தேசத்துக்கு வியாபாரம் செய்யச் சென்றார்கள். அதுவும் பிறர் சரக்கே. மக்கள் அவர்களுக்குச் சூட்டியிருந்த பெயர் அல் அமீன், நம்பிக்கைக்குரியவர் என்பது. பிறர் சரக்கை விற்கும் நமக்கும் நம்பிக்கை ஒன்றே கைம்முதல். அதை இழந்தபின் எந்தக் கமிஷனைக் கொண்டும் மீட்க இயலாது.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நாவுகளைப் பொய்யிலிருந்து காப்பானாக! நம் பிள்ளைகளின் சம்பாத்தியத்தை ஹலாலானதாகவும் பரக்கத்துடையதாகவும் ஆக்கியருள்வானாக! நம்மை நம்பி வாங்குகிறவர்கள் நமக்காகத் துஆச் செய்யும்படியான வியாபாரத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.