காயத்தின் காரணமும் சத்திய அணுவிரதமும்

இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் சத்தியம் இரண்டாவது. அதன் இலக்கணத்தை ரத்தினகரண்டக சிராவகாசாரத்தில் வகுத்த சமந்தபத்திர ஆசாரியர், பொய் பேசாதிருத்தலோடு நிறுத்தவில்லை. பிறருக்குக் கேடு விளைவிக்குமாயின் உண்மையையும் உரையாதிருத்தலை அவ்விரதத்தினுள் சேர்த்தார். போர்க்கால மருத்துவமனையில் இவ்விலக்கணம் எவ்வாறு சோதனைக்குள்ளாகிறது என்பது சிராவகர் சிந்திக்கத்தக்கது.

நோய்களையும் காயங்களையும் குறியீட்டெண்களால் பதிவு செய்யும் முறை இன்று உலகெங்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனப் பட்டியலின் பத்தாம் திருத்தத்தில் போர்ச் செயல்களுக்குரிய பிரிவு ஒய் 36. அமெரிக்கா 2015 அக்டோபர் முதல் கையாளும் அதன் விரிவில், போரில் ஆயுதமின்றிக் கைகலந்து தாக்கப்பட்ட குடிமக்களுக்கு ஒய் 36.441 என்றும், அவ்வாறே தாக்கப்பட்ட படையினருக்கு ஒய் 36.440 என்றும் எழுதுவர். இறுதியில் ஓர் எழுத்துச் சேரும்: முதற்கட்டச் சிகிச்சைக்கு ஏ, ஆறிவரும் காலத்துக்கு டி, நிலைத்துவிட்ட பின்விளைவுக்கு எஸ். எலும்பு முறிந்தது, மண்ணீரல் கிழிந்தது என்னும் காயக் குறியீடே முன்னிற்கும். ஒய் அதன் காரணத்தை மட்டும் கூறும். அடித்தவர் யார் என்று எழுத அக்குறியீட்டில் இடமில்லை.

ஆயுதம் இல்லை என்பதால் இக்காயங்களை எளியனவாகக் கருதலாகாது. (வெறுங்கையால் ஒரு ஜீவனை இவ்வளவு வருத்தக் குரோத கஷாயம் எத்துணை முற்றியிருக்க வேண்டும்!) நெடுநேரம் உதைபட்டவரின் தசைகள் நசுங்கி, அவற்றினின்று வெளிப்படும் பொருள் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். சிறுநீர் கரிய தேநீர் நிறம் கொள்வதே அதன் முதல் அடையாளமாகலாம். கழுத்து நெரிக்கப்பட்டவருக்கு வெளியே தடம் ஏதுமின்றி உள்ளே இரத்தக் குழாய் சேதமுற்றிருக்கலாம். முதியவரின் மூளையுறைக்கடியில் கசியும் இரத்தம் சில வாரங்கள் கழித்தே தன்னைக் காட்டும். அசாதாவேதனீய கருமத்தின் உதயம் என்று சொல்லி ஔஷத தானத்தைத் தளர்த்துவார் நம்மில் இலர். ஆயின் சரியான ஔஷதம் தரக் காரணம் தெரிய வேண்டும்.

இடர் இனித்தான். ஊரைக் கைப்பற்றிய படையினர் மருத்துவமனைப் பதிவேட்டைக் கேட்கின்றனர் எனக் கொள்வோம். போரில் அடிபட்ட குடிமக்கள் என்ற பதிவு, அவர்கள் கையில் எதிர்த்தோர் பட்டியலாகவும் சாட்சிகளின் பட்டியலாகவும் மாறும். படியில் தவறி விழுந்தார் என்று எழுதிவிடலாமே என இரக்கமுள்ளோர் சிலர் கூறுவர். நான் உடன்படேன். அதனை நம்பும் அடுத்த மருத்துவர் சிறுநீரகச் சோதனையைச் செய்யாது விடக்கூடும். ஹிம்சையைத் தவிர்க்க எழுதியது ஹிம்சைக்கே வழியாகும். காரணக் குறியீட்டை எழுதாது விடுதல் வேறு. அமெரிக்காவிலும் புறக்காரணக் குறியீடுகளை எழுதியே தீரவேண்டும் என்னும் நாடு தழுவிய கட்டாயம் இல்லை. காயம் முழுமையும் எழுதப்படும். காரணத்தைச் சிகிச்சை செய்வோர் வாய்மொழியாக அறிவர். இதனை அசத்தியம் எனல் பொருந்தாது.

எனினும் இம்மௌனத்தால் இழப்பும் உண்டு. ஆண்டுகள் பல கழிந்து, ஊன்றுகோலுடன் வந்து உதவித்தொகையோ நீதியோ கேட்பவருக்கு, எஸ் என்ற எழுத்துக்கு ஆதாரமான பழைய பதிவு இராது. இவ்விழப்பை மருத்துவர் தாமே முடிவு செய்யலாகாது. நினைவோடிருப்பின் காயமுற்றவரையே கேட்டல் வேண்டும்.

உலகச் சட்டமும் ஆசாரியரின் வழிக்கு அருகில் வந்துள்ளது. 1949இன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை காயமுற்ற குடிமக்களுக்குத் தனிப் பாதுகாப்பு அளித்தது. நாடுகளிடைப் போருக்குரிய 1977இன் முதற் கூடுதல் நெறிமுறை, 16ஆம் விதியில் மேலும் சென்றது: காயமுற்றோருக்கோ அவர்தம் குடும்பத்தாருக்கோ தீங்காகும் என மருத்துவர் கருதும் செய்தியை எதிர்த்தரப்பினரிடம் கூறும்படி அவரை வற்புறுத்தலாகாது. தம் தரப்பின் சட்டமே கேட்குமாயின் இக்காப்பு நில்லாது. சமந்தபத்திரரின் இலக்கணம் அத்தகைய விலக்கு எதனையும் கூறவில்லை. தம் நாட்டுச் சட்டமே பதிவேட்டைக் கேட்கும் நாளில், அணுவிரதம் ஏற்ற மருத்துவர் அச்சட்டத்தின் தண்டனைக்கும் ஆயத்தமாக வேண்டியிருக்கும்.