மாலை ஐந்து மணிக்கும் ஆள் தேடியவர்



இன்று மே முதல் நாள், தொழிலாளரான சூசையப்பரின் திருநாள். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் இதைத் திருச்சபைக்குத் தந்தார். அரியலூர்ப் பக்கத்தில் நமக்கோ இது முந்திரிக் காலம். விடியுமுன் தோப்புக்குப் போய்க் கொட்டை பொறுக்கிப் போட்டுவிட்டு, கை கால் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு பூசைக்கு வந்திருக்கிறீர்கள். நற்கருணை வழங்கும்போது நான் உங்கள் முகங்களைவிட உங்கள் கைகளைத்தான் அதிகம் பார்க்கிறேன். கொட்டை உடைக்கிற கை எது என்று சொல்லாமலே தெரிந்துவிடும். ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்திருக்கும். அந்தக் கையை நீட்டக் கூச்சப்பட்டுச் சிலர் நாவில் வாங்கிக்கொள்கிறீர்கள். ஆண்டவருக்கு முன்னால் மறைக்க வேண்டிய கையா அது? தச்சு வேலையில் காய்ப்பேறிய ஒரு கையைப் பிடித்துத்தான் அவர் நாசரேத்துத் தெருவில் நடை பழகினார். உங்கள் கை அவருக்குப் புதிதில்லை. தயங்காமல் நீட்டுங்கள்.

சூசையப்பர் பேசியதாக நற்செய்தியில் ஒரு சொல்கூடக் கிடையாது. கனவில் வானதூதர் சொல்கிறார், இவர் எழுந்து போய்ச் செய்கிறார். செய்தது மட்டும்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவரை ஒரு பெருங்காப்பியத்தின் தலைவராக்கியவர் நம் பக்கத்தில் வாழ்ந்தவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறைகிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே, ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் அடியில் மறைப்பணி செய்த வீரமாமுனிவரைத்தான் சொல்கிறேன். 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். தமிழ் மண்ணுக்கு வந்தபோது வயது முப்பது. தாய்மடியில் கேட்ட மொழியல்ல. அகரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. தொடங்கினார். 1726-இல் சூசையப்பரைப் பாடும் அந்தக் காப்பியம், தேம்பாவணி, வந்தது. மூவாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பாடல்கள். 1732-இல் சதுரகராதி என்னும் அகராதி. மன்னர்களையும் படை நடத்தியவர்களையும் தலைவர்களாக்கிய காப்பியங்கள் பலவற்றுக்கு நடுவே, இவர் நாசரேத்துத் தச்சரைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஏலாக்குறிச்சித் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போகிறோம், மெழுகுதிரி ஏற்றுகிறோம். உழைத்து வாழ்ந்த ஒரு மனிதரின் வாழ்க்கை காப்பியமாகப் பாடத் தகுந்தது என்று அந்த முனிவர் நம்பினாரே, நாம் நம்புகிறோமா? வீட்டில் பிள்ளைகளிடம் "படிக்காவிட்டால் என்னை மாதிரிக் கொத்து வேலைக்குத்தான் போவாய்" என்று சொல்லும்போது, நம் வாழ்க்கையைப் பற்றி நாமே என்ன தீர்ப்பு எழுதுகிறோம்? பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். ஆனால் அவர்களைப் படிக்கவைத்த உழைப்பை அவர்கள் முன்னால் இழிவாகப் பேசாதீர்கள், என் மக்களே. கடவுள் அப்படிப் பேசவில்லை.

பெரம்பலூர் மாவட்டத்துச் செட்டிகுளம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன நம் பிள்ளைகள் சிலர் இன்று வந்திருக்கிறார்கள். சின்ன வெங்காயத்தின் பாடு அவர்களுக்குத் தெரியும். திருகல் நோய் விழுந்தால் தாள் சுருண்டு காய் திரளாது. நோய் வராமல் தப்பித்த வருஷத்தில், விலை ஏறட்டும் என்று பட்டறை போட்டுக் காத்திருந்தால் விலை விழுந்துவிடும். மக்காச்சோளக்காரர்கள் 2018-ஐ மறந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் மக்காச்சோளத்துக்குப் பேர்போன பெரம்பலூர்க் காடுகளில் அந்த ஆண்டு படைப்புழு குருத்துக்குள் புகுந்து தின்றது. விதைக்கும் உரத்துக்கும் வாங்கிய கடன் மட்டும் மிஞ்சியது. இவ்வளவு உழைத்து என்ன கண்டோம், சாமி என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. விளைச்சல் போனால் உழைப்பும் வீண்தானா?

இராயப்பர் இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் கரைக்கு வந்து வலையை அலசிக்கொண்டிருந்தார். ஆண்டவர் அந்த வெறும் படகில்தான் ஏறி உட்கார்ந்தார். மீன் நிறைந்த படகைத் தேடிப் போகவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று கணக்குக் கேட்கவும் இல்லை. அன்பானவர்களே, நட்டப்பட்டு உட்கார்ந்திருக்கும் வீட்டில் அவர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருக்கிறார். படைப்புழுவுக்கு அடுத்த ஆண்டு மழை விழுந்ததும் அதே காட்டில் பலர் மறுபடி விதை ஊன்றினார்களே, அந்த மன உறுதி அவர்களுடையது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஊன்ற முடியாமல், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுத் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களும் உண்டு. அவர்களை மனத்திடம் இல்லாதவர்கள் என்று யாரும் சொல்ல வேண்டாம். கைக்குழந்தையோடு எகிப்துக்குப் போய்ப் பிழைத்த குடும்பம் நம் திருக்குடும்பம்.

இந்த மாதம் தேர்வு முடிவுகள் வரும். பின்தங்கிய பகுதி என்றே நம்மைச் சொல்லிப் பழகியிருந்தார்கள். 2023-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் பெரம்பலூர் மாநிலத்தில் முதலிடம். 2024-இல் அரியலூர். 2025-இல் பன்னிரண்டாம் வகுப்பிலும் அரியலூரே முதலிடம், 98.82 விழுக்காடு. களை பறித்த கூலியிலும், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய சம்பளத்திலும் வந்த தேர்ச்சி அது. ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இந்தப் பீடத்திலிருந்து நன்றி சொல்கிறேன். ஆனால் 98.82 நூறல்ல. மீதிப் பிள்ளைகளும் நம் பிள்ளைகள். தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனை வணங்குகிறவர்கள், முடிவு வருகிற அன்று தோற்ற பிள்ளையின் வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். அன்று வசை வேண்டாம், ஒப்பிடல் வேண்டாம். சோறு போட்டு, பக்கத்தில் உட்காருங்கள். மகனே, மகளே, நீயும் கேள்: ஒரு தாளில் இருக்கிற எண்ணை வைத்துக் கடவுள் உன்னைப் பார்ப்பதில்லை. மறுதேர்வு உண்டு, வேறு வழிகளும் உண்டு, நாங்கள் இருக்கிறோம்.

கடைசியாக ஒன்று, இதுதான் என் மனதை அழுத்திக்கொண்டிருக்கிறது. திராட்சைத் தோட்ட உவமையில் அந்த நிலக்கிழார் விடியலில் ஆள் கூப்பிட்டார். அதோடு விட்டுவிடவில்லை. மறுபடி வந்தார், நண்பகலில் வந்தார், வெயில் தாழ்ந்து மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளிக்கு வந்தார். அப்போதும் நின்றுகொண்டிருந்தவர்கள் சோம்பேறிகள் அல்ல. கூப்பிட ஆளில்லாமல் நின்றவர்கள். நம் ஊரிலும் அப்படி நிற்பவர்கள் இருக்கிறார்கள். பட்டம் வாங்கிவிட்டு நான்கு வருஷமாகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிற பையன், கால் ஊனமுற்றதால் யாரும் களத்துக்குக் கூப்பிடாத அண்ணன், நூறு நாள் வேலைக்குப் போய் மண்வெட்டியோடு நிற்கும்போது கேலிப் பேச்சு கேட்கிற பாட்டிமார். அவர்களைப் பார்த்து நாம் என்ன சொல்கிறோம்? அவர்களுக்கு வேண்டியது கூலி மட்டுமல்ல. தாங்களும் தேவைப்படுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த நிலக்கிழார் ஒரு மணி நேர வேலைக்கும் முழுநாள் கூலி கொடுத்தது கணக்குத் தெரியாமல் அல்ல, அந்த வீட்டிலும் அன்று அடுப்பு எரிய வேண்டும் என்று தெரிந்துதான். இரக்கம் அப்படித்தான் கூலி போடும்.

ஆகவே இன்று பூசை முடிந்ததும் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்கள், கடை, லாரி, கட்டட வேலை எடுத்து நடத்துகிறவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பிவிட வேண்டாம். கெபிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் சற்று நேரம் நில்லுங்கள். வேலை வேண்டியவர்களும் கூச்சப்படாமல் அங்கே வாருங்கள், வயதானவர்களும் வரலாம். இன்றைக்கே எல்லாருக்கும் கிடைக்காமல் போகலாம். வருகிற ஞாயிறும் நிற்போம். இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.